ஏழு பத்துக்கு டீ

ஜூன் 10, திங்கள்

டாக்டர் ரெஜினா சொன்னதால் இதை எழுதுகிறேன். என்ன சாப்பிட்டாள், மாத்திரை எப்போது போட்டாள், ரத்தப்போக்கு எவ்வளவு என்று தினமும் குறித்து வைக்க வேண்டும். கல்லூரியில் ஜனவரி தோறும் ஒரு டைரி கொடுப்பார்கள். வேதியியல் துறையில் சேர்ந்து இருபத்துமூன்று வருடங்களில் இப்போதுதான் ஒன்றைத் திறந்திருக்கிறேன்.

நோயாளி: முத்துப்பேச்சி, வயது 46. என் கணவரின் தங்கை. கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். ஆனால் ஹீமோகுளோபின் 7.4தான் இருக்கிறது. அது பத்தைத் தொட்டால்தான் மயக்க மருந்து கொடுப்பார்களாம். அதற்கு இரண்டு வழி. ரத்தம் ஏற்றுவது, அல்லது ரத்தப்போக்கை மருந்தால் கட்டுப்படுத்திக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரை போட்டுக் காத்திருப்பது.

ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் பேச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"எங்கண்ணனுக்கும் பாட்டில் பாட்டிலா ஏத்துனாங்க டாக்டரம்மா. ஆளத்தான் திருப்பித் தரல. எனக்கு எந்தப் பாட்டிலும் வேண்டாம். மாத்திர தாங்க. மலையளவு தாங்க, முழுங்குதேன்."

"தினம் ஒண்ணுதான். மலையெல்லாம் வேண்டாம்" என்றார் டாக்டர். நான்கு வாரம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

பேச்சியின் கணவர் லாரியில் மகாராஷ்டிரா பக்கம் இருக்கிறார். மகள் உமாவுக்குத் திருப்பூரில் நிறைமாதம். போன வாரம் உமா போன் செய்தாள். "அத்தை, ஊர்ல இருந்தா அம்மா பீடி சுத்திக்கிட்டே இருப்பா. கொஞ்ச நாள் உங்ககூட வச்சிக்கிடுவீங்களா?" சரி என்றேன். நானும் பேச்சியும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது உமாவுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, டீ?"

வீட்டில் டீத்தூள் இல்லை என்றேன். இல்லை என்றால் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வாங்குவதே இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. நான் டீ குடிப்பதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. புளித்த ஏப்பம் வருகிறது, அவ்வளவுதான்.

"டீத்தூள் இல்லாத வீடா?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்தாள். நம்பவில்லை.

மாலையில் கால் கிலோ வாங்கி வந்தேன்.

மாத்திரை: காலை 7, தண்ணீருடன். பத்து நிமிடத்தில் வாந்தி.

ஜூன் 12, புதன்

மாத்திரை, தண்ணீருடன். வாந்தி. "துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்கு" என்கிறாள். வர்ணனை சரிதான்.

ஜூன் 13, வியாழன்

ஒரு வழி செய்தேன். சூடாக டீ போட்டு, அதோடு மாத்திரையை விழுங்கச் சொன்னேன். அவள் டீ என்றால் நிறையத் தூள் போட்டு, கறுக்கக் கொதிக்க வைத்து, பால் பெயருக்கு ஊற்றியது. அந்தக் கசப்பில் மாத்திரையின் வாடை தெரியவில்லை. வாந்தியும் வரவில்லை.

7.10: டீ, மாத்திரை.
8.30: இட்லி மூன்று.
1.00: சோறு, முருங்கைக்கீரைப் பொரியல்.
8.00: தோசை இரண்டு.

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றாள் பேச்சி. இந்த வீட்டுக்கு வந்தபின் என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

7.10: டீ, மாத்திரை.

பேச்சிக்கு நடை வேண்டும். தெருமுனை வரை கூட்டிப்போனேன். அங்கே ஜெபராஜ் டீக்கடை. கடைக்கு மேலே புதிதாக ஒரு ஃபிளெக்ஸ்: 'தேநீரின் பன்னிரண்டு நன்மைகள்.' இதயத்துக்கு, மூளைக்கு, பல்லுக்கு, எலும்புக்கு, சர்க்கரை நோய்க்கு, இளமைக்கு. கடைசி வரியில் 'மன அமைதிக்கு.' பின்னணியில் பனிமலை.

"யார் சொன்னது இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"வாட்சப்ல வந்துச்சு மேடம்."

"இஞ்சி குமட்டலைக் குறைக்கும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. சுறுசுறுப்புக்குக் காரணம் கஃபீன். மற்றதெல்லாம் பாதி ஊகம், பாதி விளம்பரம். டீ என்பது நிறம் போட்ட வெந்நீர். அதனால் பெரிய நன்மையும் இல்லை, தீமையும் இல்லை" என்றேன்.

"கடைல கூட்டத்த வச்சுக்கிட்டு இப்படிச் சொல்லலாமா மேடம்?" என்று சிரித்தார் ஜெபராஜ். பேச்சிக்கு ஸ்ட்ராங்காக ஒன்று ஆற்றிக் கொடுத்தார். என் பக்கமும் ஒரு கிளாஸை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"சார் தவறினன்னிக்கும் நான் கேன்ல கொண்டு வந்த டீயை நீங்க தொடல. மூணு வருஷம் ஆச்சு, இந்தப் பக்கமே வரல."

 பேச்சி கிளாஸை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். 

ஜூன் 18, செவ்வாய்

7.10: டீ, மாத்திரை. ரத்தப்போக்கு குறைந்திருக்கிறது. கல்லூரி திறந்துவிட்டது.

ஜூன் 22, சனி

7.10: டீ, மாத்திரை.

அவளுக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியவில்லை. டிவி பார்க்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடியில் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கின்றன. முப்பது வருடமாகப் பீடி சுற்றிய விரல்கள். கடையில் வாங்கி வந்த பட்டாணியை உரிக்கக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று பார்த்தாள்.

ஊரில் எட்டுப் பெண்கள் ஒரே வீட்டில் உட்கார்ந்து சுற்றுவார்களாம். பதினோரு மணிக்கு ஒரு டீ, மூன்றரைக்கு ஒரு டீ.

"மத்தியானம் என்ன சாப்பிடுவீர்கள்?"

"எங்க சாப்பிட? சோத்துக்கு எந்திரிச்சா அம்பது பீடி போயிரும். டீயக் குடிச்சா நாலு மணி வரைக்கும் பசி தெரியாது மதினி. அது ஒண்ணுதான எங்களுக்குத் தெம்பு."

ஜெபராஜின் பன்னிரண்டில் இது இல்லை. நான் உள்ளே போய் சாயந்திரத்துக்குச் சுண்டல் ஊறப்போட்டேன்.

ஜூன் 24, திங்கள்

ரத்தப் பரிசோதனை. 7.5. இரண்டு வாரத்தில் 0.1. "சில பேருக்கு மெதுவாத்தான் ஏறும்" என்றார் டாக்டர். பேச்சி புள்ளியைக் கவனிக்காமல், "எழுபத்தஞ்சா?" என்று சந்தோஷப்பட்டாள். விளக்கினேன். முகம் சுருங்கியது. விளக்காமல் இருந்திருக்கலாம்.

கீரை, பேரீச்சம்பழம், ஆட்டுச் சுவரொட்டி வறுவல். எல்லாம் கொடுக்கிறேன். காரணம் புரியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

7.10: டீ, மாத்திரை.

விடியற்காலையிலிருந்து சாரல். இப்போதெல்லாம் ஏழு மணிக்கு வீட்டில் டீ வாசனை வருகிறது. இலையில் உள்ள எண்ணெய்கள் ஆவியாவதால் வருவது; அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் பேச்சி எழுவதற்குக் கால்மணி நேரம் முன்பாகவே நான் அடுப்பைப் பற்ற வைத்துவிடுகிறேன் என்பதை இன்றுதான் கவனித்தேன். கொதி வரும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். குளிருக்கு இதமாக இருக்கிறது.

ஒரு தம்ளருக்குத்தான் வைக்கிறேன்.

ஜூலை 3, புதன்

7.10: டீ, மாத்திரை. மாடிப்படி பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். "பேத்தியோ பேரனோ, தூக்கத் தெம்பு வேணுமே மதினி" என்றாள். நகங்களை வெளிச்சத்தில் பார்த்தேன். காகிதம் போல வெளுத்திருந்தன.

ஜூலை 8, திங்கள்

7.4.

நாலு வாரத்துக்கு முன்னால் இருந்த அதே எண். டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று என்னைக் கேட்டார். ஒருநாள்கூடத் தவறவில்லை, எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். குரலில் கொஞ்சம் சூடு இருந்திருக்க வேண்டும். "உங்களச் சந்தேகப்படல மேடம்" என்றார். "மாத்திரை இவங்க உடம்புல ஒட்டல. இன்னும் ஒரு வாரம். அப்புறம் ரத்தமோ, இரும்பு ஊசியோ, டிரிப்ஸ்ல ஏத்தித்தான் ஆகணும். இப்படியே விட்டா ஆபத்து."

 ஆட்டோவில் பேச்சி சொன்னாள்: "பாட்டில்தான்னா நான் ஊருக்குப் போயிருதேன் மதினி. கட்டியோட கெடந்துக்கிடுதேன்."

சாயந்திரம் அவள் பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

ஜூலை 9, செவ்வாய்

7.10: டீ, மாத்திரை.

முதலாண்டு மாணவிகளுக்கு முதல் ஆய்வக வகுப்பு. வருடாவருடம் செய்து காட்டுவதை இன்றும் செய்தேன். ஒரு குடுவையில் டீ டிகாக்‌ஷன். இன்னொன்றில் இரும்பு உப்புக் கரைசல், இளம் பச்சை. இரண்டையும் கலந்தால் கண்ணெதிரே கறுப்பு. டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. பழைய காலத்தில் இப்படித்தான் மை செய்தார்கள். அதனால்தான் அந்த மை அழியாமல் நிற்கிறது. மாணவிகளுக்கு எப்போதும் பிடிக்கும். ஒரு பெண் கை தூக்கி, "டானின் பிடிச்ச இரும்பை மறுபடி பிரிச்சு எடுக்க முடியுமா மேடம்?" என்று கேட்டாள்.

சுலபத்தில் முடியாது என்றேன்.

வகுப்பைப் பத்து நிமிடம் முன்னதாக முடித்துவிட்டேன்.

ஜூலை 9, மாலை

டைரியைப் புரட்டிப் பார்த்தேன். ஜூன் 13 முதல் இன்று வரை. 7.10: டீ, மாத்திரை. 7.10: டீ, மாத்திரை. இருபத்தேழு முறை, என் கையெழுத்தில்.

மாத்திரை உறையில் எதுவும் அச்சடித்திருக்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? இருபத்துமூன்று வருடமாக நான் பாடம் நடத்துவதே இதைத்தான். டீ நிறம் போட்ட வெந்நீர் என்று ஜெபராஜிடம் சொன்னேன். அதில் நன்மை இல்லை என்று நிரூபிப்பதிலேயே குறியாக இருந்தவளுக்கு, அது வேறு எதையாவது செய்யும் என்று தோன்றவே இல்லை.

டீயோடு போடு என்று சொன்னதும் நான்தான்.

பேச்சியிடம் சொல்ல வேண்டும். அவள் என்ன நினைப்பாள் என்பதற்கு நிறையக் கற்பனை தேவையில்லை. அண்ணன் செத்த அன்று சொன்னதையே மறுபடி சொல்லலாம்.

ஜூலை 10, புதன்

சொன்னேன்.

காலையில் அவள் டீக்காக வந்து உட்கார்ந்தபோது அடுப்பு எரியவில்லை. டீ போடுவதற்குப் பதில் இதைச் செய்தேன்: நேற்று வகுப்பிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகளில் எடுத்து வந்திருந்ததை அவள் முன்னால் கலந்து காட்டினேன். கறுத்தது. "இந்தப் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் உன் மாத்திரை. இது டீ. உன் வயிற்றுக்குள் தினமும் இது நடந்திருக்கிறது. இரும்பில் முக்கால்வாசி உடம்பில் சேரவே இல்லை. தப்பு என் மேல்தான்" என்றேன்.

பேச்சி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தாள். 

"இது ஒங்க பாடமா மதினி?"

"ஆமாம்."

"பிள்ளைகளுக்கு இதச் சொல்லிக் குடுப்பியளா?"

"வருடாவருடம்."

"அப்பொ நீங்களே மறந்துட்டிய."

"ஆமாம்."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இருவத்தேழு நாளு! வயித்துக்குள்ள மையாக் காச்சியிருக்கேன். ஒரு பரீட்சையே எழுதலாம் மதினி."

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்பொ எங்கொடம்பு சரியாத்தான் இருக்கு. மாத்திர ஒட்டாத ஒடம்பு இல்ல. அப்படித்தான?" என்று கேட்டாள்.

அப்படித்தான் என்றேன். பையைத் திறந்து, மடித்து வைத்த சேலைகளைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தாள்.

மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் இருக்கும்.

ஜூலை 11, வியாழன்

டாக்டரிடம் டைரியைக் கொடுத்தேன். நான்கு பக்கம் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். தெரிஞ்சவங்கதானேன்னு விட்டுட்டேன்" என்றார். தெரிந்தவள்தான் என்றேன்.

மூன்று வாரம் கொடுத்திருக்கிறார். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை, எலுமிச்சைச் சாற்றோடு. புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்கும். டீ, இரண்டு மணி நேரம் கழித்து. டீயே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பேச்சி பயந்திருக்கிறாள். எட்டு மணிக்கு உண்டு என்றதும் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

6.00: எலுமிச்சைச் சாறு, மாத்திரை. குமட்டல். ஆனால் வாந்தி இல்லை. "எட்டு மணிக்கு டீ, எட்டு மணிக்கு டீ" என்று சொல்லிக்கொண்டே வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். என் முழங்கையைப் பிடித்திருந்தாள். விரல் தடம் இன்னும் இருக்கிறது.

8.00: டீ.

ஜூலை 15, திங்கள்

6.00: சாறு, மாத்திரை. 8.00: டீ.

உமாவுக்குப் பெண் குழந்தை. பேச்சி போனை ஸ்பீக்கரில் போட்டுக் குழந்தை அழுவதைத் தெருவுக்கே கேட்க வைத்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

ஆறிலிருந்து எட்டு வரை என்ன செய்வது என்பதுதான் இந்த வீட்டில் புதிய பிரச்சினை. பேச்சிக்குத் தூக்கம் வராது. நான் பேப்பர் திருத்துவேன். அவள் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். பிறகு பேசுவாள். அவளுக்குப் பேச்சு நிற்காது, எனக்கு வராது. பத்து நாளில் பீடி சுற்றும் எட்டுப் பெண்களின் குடும்பக் கதையும் எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்று ஏழு மணிவாக்கில் திடீரென்று சொன்னாள்.

"மதினி, அன்னிக்கு நான் சொன்னது தப்புதான்."

எது என்று நான் கேட்கவில்லை. என் கணவர் குடலில் ரத்தக்கசிவால் இறந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து பகல் பதினொன்றரைக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தோம். பேச்சி அப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது நான் சமையலறையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் உடல் வெளியேறும்வரை சாவு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். வேண்டியதை வெளியிலிருந்துதான் கொண்டு வருவார்கள். நான் பற்ற வைத்திருந்தேன். அவள் வாசலில் நின்று கூட்டம் கேட்கச் சொன்னாள்: "எங்கண்ணன் வெளிய கெடக்கான். இவளுக்கு டீ கேக்குது பாருங்க." அதன்பின் நாங்கள் பேசவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னேன்னு நெனைக்கிய?" என்றாள்.

"கோபம் இருக்கும்."

"கோவம் எதுக்கு? அதச் சொல்லத்தான் மூணு வருசமா வெக்கம்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஏழு மணி நேரம் பஸ்ஸு மதினி. பச்சத் தண்ணி பல்லுல படல. அழுது அழுது தலை வெடிக்கி. உள்ள வந்தா டீ வாசம். ஒரு வாய் டீ கெடைக்காதான்னு இருந்துச்சு. எங்கண்ணன் செத்துக் கெடக்கான், எனக்கு டீ கேக்குதேன்னு எம்மேலயே ஆத்திரம். அத ஒங்க தலைல கொட்டிட்டேன்."

நான் பேனாவை மூடினேன். சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை, ஆனால் சொன்னேன்.

"முதல்நாள் சாயந்திரம் அவர் டீ கேட்டார். வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போனதும் போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்தோம். போட்டேன். கீழே கொட்ட மனம் வரவில்லை."

பேச்சி என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எத்தன சீனி போட்டிய?"

"ஒன்றரை."

"நீங்க சீனியே போட மாட்டியள்லா?"

"போட மாட்டேன்."

"அண்ணனுக்கு ஒன்றரைதான்" என்றாள். "அப்பொ அது அண்ணன் டீ."

வெளியே பால்காரர் மணி அடித்தார். அவளே எழுந்து போய் வாங்கினாள். இன்று டீ எட்டேகாலுக்குத்தான் ஆனது. இருவருமே கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

6.00: சாறு, மாத்திரை. 8.15: டீ.

ஜூலை 29, திங்கள்

8.7.

டாக்டர் அறைக்கு வெளியே வந்ததும் பேச்சி, "புள்ளியெல்லாம் எனக்குத் தெரியும், நீங்க வெளக்க வேண்டாம்" என்றாள். ரத்தமும் வேண்டாம், டிரிப்ஸும் வேண்டாம். இப்படியே தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தோம். அவள் ஜன்னலோரம். வழி முழுக்கப் பெயர்ப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அவ்வளவு மூச்சு இருந்தது.

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. இன்று அந்த எண்ணைக் காகிதத்தில் பார்த்ததும் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. யாருக்கு என்று யோசித்தேன். கை தூக்கிக் கேள்வி கேட்ட அந்த முதலாண்டுப் பெண்ணுக்கு முதலில். அவள் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. நாளை கேட்க வேண்டும்.

ஜூலை 30, செவ்வாய்

ஆக்னஸ் ஷீபா. எதற்கு நன்றி சொல்கிறேன் என்று புரியாமல் விழித்தாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜெபராஜ் கடை ஃபிளெக்ஸில் பன்னிரண்டாவது நன்மைக்குக் கீழே வெள்ளைக் காகிதம் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறது: 'ரத்த மாத்திரை சாப்பிட்டவர்கள் இரண்டு மணி நேரம் கழித்து வரவும்.' பேச்சி வேலை.

"ஒங்க நாத்தனார் கடைக்கு வாற பொம்பளைங்க ஒவ்வொருத்தரயும் மாத்திர உண்டா, எப்ப போட்டன்னு வெசாரிச்சுட்டுத்தான் உள்ள விடுறாங்க மேடம்" என்றார் ஜெபராஜ்.

"ஏவாரம் கொறஞ்சிருச்சோ?" என்று பேச்சி கேட்டாள்.

"இல்லக்கா. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆளும்பேருமா வாறாங்க."

அவளுக்கு ஒரு டீ கொடுத்தார். என் பக்கம் கிளாஸை நீட்டவில்லை. மூன்று வாரமாக நீட்டுவதில்லை. இன்று நீட்டியிருந்தால் வாங்கியிருப்பேனோ என்னவோ.

ஆகஸ்ட் 19, திங்கள்

10.1. வியாழக்கிழமை ஆபரேஷன்.

பேச்சி ஊரிலுள்ள எட்டுப் பெண்களுக்கும் போன் செய்தாள். மாத்திரையும் டீயும் ஒன்றாகச் சேரக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாடம் நடத்தினாள். "பேதியா? பேதியில்லட்டி, வேதியியல்" என்று ஒருத்தியிடம் கத்தினாள். மத்தியானம் சோறு சாப்பிட எழ வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலை எட்டேமுக்காலுக்கு உள்ளே கொண்டு போனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "எந்திரிச்சதும் டீ" என்றாள். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படி ஒருவருக்கு முன்பு சொல்லியிருக்கிறேன். அதனால், "நர்ஸ் விட்டால்" என்றேன்.

அதே மாதிரி நடைவழி. அதே மாதிரி நீல நாற்காலிகள். எதிரே இருந்தவர் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தன் மனைவிக்குக் கொடுத்தார். அந்த அம்மாள் குடிக்கவில்லை. தம்ளரை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு சூட்டை வாங்கிக்கொண்டிருந்தார். ஃபிளெக்ஸில் எழுதாத இன்னொன்று.

பதினொன்று பத்துக்கு டாக்டர் ரெஜினா வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கழற்றும் முன்பே கண்ணில் தெரிந்துவிட்டது. "ஒரு சொட்டு ரத்தம்கூட ஏத்தல மேடம்" என்றார்.

உட்கார்ந்தேன். எழும்போது எதிரே இருந்தவர் கை கொடுத்தார். நாற்காலி தாழ்வானது.

ஆகஸ்ட் 24, சனி

விடியற்காலையில் நர்ஸ் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சமாக் குடிக்கலாம், டீகூடக் குடுங்க" என்றாள். இரும்பு மாத்திரை திங்கள்கிழமையிலிருந்துதானாம். காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டுக்கு ஓடிப் போய்ப் போட்டு, ஃபிளாஸ்கில் கொண்டு வந்தேன். ஒரு தம்ளருக்கு வைத்துப் பழகிய கை இன்று எவ்வளவு தண்ணீர் ஊற்றியது என்று நான் பார்க்கவில்லை. தலையணையைச் சாய்த்து அவளை உட்கார வைத்தேன். முகத்தில் நிறம் இருந்தது. நகத்தில் இருந்தது.

மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கினாள், குடிக்கவில்லை. ஃபிளாஸ்கை ஆட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கெடக்கு போலயே?"

"கொஞ்சம் அதிகமாகிவிட்டது."

"சீனி?"

"ஒன்றரை."

பேச்சி மூடியை என் பக்கம் நீட்டினாள். "மொதல்ல நீங்க குடிங்க மதினி. அன்னிக்கு உங்கள முழுசாக் குடிக்க விடல நான்."

எனக்கு இனிப்புப் பழக்கமில்லை. தூளும் அதிகம். சூடு தொண்டை வழியாக இறங்கியது.

7.10: டீ. இரண்டு பேரும்.